சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

1943. ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயா. பெண்டாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லாரி மெக்கானிக்காக இருந்த பரஞ்சோதியை ஜப்பானியர் தங்கள் விமானச் சோதனைப் படைக்கு இழுத்துப் போனார்கள். பழுதுபார்த்த விமானங்களை அங்கே பறக்கவிட்டுச் சோதிப்பார்கள். தம்பியைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனவர்கள்மேல் இருந்த ஆத்திரத்தில், ஒருநாள் இஞ்சினில் ஒரு நட்டைத் தளர்த்திவிட்டார். அதன்பிறகு இருப்புக்கொள்ளவில்லை. பாழாய்ப்போன பழக்கம், லாரிக்குச் செய்வதுபோலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்.

"எதுக்கு இது?" என்று ஜப்பானிய விமானி மலாய் மொழியில் கேட்டான்.

"நல்லபடியா போயிட்டு வரணும்னுதான், துவான்," என்று எஜமானிடம் பேசும் பணிவோடு சொன்னார் பரஞ்சோதி.

விமானிக்கு ஒரே மகிழ்ச்சி. "அப்ப நீயும் ஏறு!"

"ஒரு நிமிஷம் துவான், ஒரு நட்டு முறுக்கணும்லா!"

பரஞ்சோதி உயிரோடு இறங்கினார். மறுநாள் வேறொரு விமானத்தில் நட்டைத் தளர்த்தினார். பழம் மட்டும் வைக்கவில்லை.