மறுமுனையில் யார்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் முதலில் அங்கேதான் வந்து விழும். அங்கே பல வருடங்களாக உட்கார்ந்திருப்பவரைப் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை 'போர்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு முன்னால் இருக்கும் தொலைபேசிப் பலகை பழையது. கூப்பிடுபவரின் எண் அதில் தெரியாது. விளக்கு எரியும், அவ்வளவுதான். யார், எங்கிருந்து, எதற்கு என்பதையெல்லாம் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள் சிலர். மருத்துவமனை முழுவதற்கும் ஒரே ஒரு 'அவர்'தான் என்பதுபோல. போர்டு அக்கா பெயரைக் கேட்கமாட்டார். "எப்ப சேர்த்தீங்க?" என்று கேட்பார். அந்த ஒரு பதிலில் வார்டு தெரிந்துவிடும். மறுமுனையில் இருப்பவருக்கும் மூச்சு திரும்பிவிடும்.

அழைப்புகளுக்கு இடையே அவர் செய்தித்தாளின் தொழில்நுட்பப் பக்கத்தைப் படிப்பார், அதுவும் கீழிருந்து மேலாக. லிஃப்டைப் பழுது பார்க்க வருபவர் ஒருமுறை ஏன் இப்படி என்று கேட்டார்.

"முதல் பத்தியில உலகமே மாறிடும். கடைசிப் பத்தியில, இன்னும் சோதனையிலதான் இருக்குன்னு எழுதியிருப்பான். கீழேர்ந்து படிச்சா மேல போகவே வேண்டியதில்ல."

லிஃப்ட்காரர் மேலிருந்து படிப்பவர். படித்ததை அப்படியே நம்பிவிடுபவர். வேலை முடிந்ததும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நிற்பார்.

"இனிமே ஃப்ரிட்ஜே பால் தீர்ந்துபோச்சுன்னு கண்டுபிடிச்சுடுமாம் அக்கா."

"கண்டுபிடிக்கிற வேலையை எங்க வீட்டுக்காரரே செய்யறார். கடைக்குப் போயிட்டு வர்ற ஃப்ரிட்ஜ் வந்தா சொல்லுங்க."

"சரி, மூஞ்சியைக் காட்டினா ஃபோன் திறக்குதே, அது பாதுகாப்புதானே?"

"தூங்கறப்பவும் என் மூஞ்சி என்கிட்டயேதான் இருக்கும். எவன் வேணா எடுத்துக் காட்டலாம்."

போர்டு அக்காவின் கருத்துகள் எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. சிலவற்றில் வெறும் பிடிவாதம்தான் இருந்தது. வங்கிச் செயலியை இன்றுவரை ஃபோனில் ஏற்றவில்லை. மகள் தன் படங்களை 'கிளவுட்' என்ற இணைய மேகத்தில் சேமித்து வைத்தபோது, "மழை பெஞ்சா என்ன பண்ணுவே?" என்றார். அது விளையாட்டுப் பேச்சு என்று மகளுக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

ஒருநாள் கடைசிப் பத்தியும் முதல் பத்தியைப் போலவே இருந்த ஒரு செய்தி வந்தது. யாருடைய குரலையும் சிறிது நேரம் கேட்டாலே போதும், கணினி அந்தக் குரலில் எதை வேண்டுமானாலும் பேசிவிடும். மகன் குரலைக் கேட்டு ஏமாந்த ஒரு தகப்பனைப் பற்றி அதில் எழுதியிருந்தது. போர்டு அக்கா அதை மேலிருந்தும் கீழிருந்தும் படித்துப் பார்த்தார். தன் காதை நம்பித்தான் அவர் இத்தனை காலம் சம்பளம் வாங்கியிருக்கிறார். இருமலை வைத்து டாக்டரையும், தயக்கத்தை வைத்து உறவுமுறையையும் சொல்லிவிடும் காது. அதை இனி நம்பாதே என்று செய்தித்தாள் சொல்கிறது.

வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் ஒரு ரகசியச் சொல் வேண்டும் என்றார்.

கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "என் குரல்ல பேசி உன்கிட்ட எவனாவது காரியம் சாதிச்சுட்டான்னா, எப்படின்னு கேட்டு எனக்கும் சொல்லு."

சம்மதித்தது தம்பி மட்டும்தான். வீட்டில் அவனுக்குச் 'சின்னவன்' என்று பெயர். நாற்பதை நெருங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவன் வேறு ஊரில் தனியாக இருந்தான். அவனுக்கும் அக்காவுக்கும் நடுவே வாராவாரம் ஓடிய பேச்சு, விண்வெளித் தொடர் ஒன்றைப் பற்றியது. வெகுதூரம் போகும் ஒரு கப்பல், அதில் உறக்கத்தில் வைக்கப்பட்ட மனிதர்கள். கப்பலை ஓட்டும் கணினி வாரம் ஒருவரை எழுப்பிவிடும். ஏன் எழுப்புகிறது என்று யாருக்கும் தெரியாது.

"அதுக்குப் பேச ஆள் வேணும்க்கா. பாவம், தனியா ஓட்டிக்கிட்டே போகுது."

"பாவமாவது. எவனோ தப்பா எழுதிக் குடுத்திருக்கான், அது அப்படியே செய்யுது. வொயரிங் கோளாறு."

"உனக்கு இரக்கமே இல்ல."

"இரக்கத்தை மனுஷங்களுக்கே பத்தாம வெச்சிருக்கேன்."

அந்த வாரம் எழுந்தவர் யார் என்பதே ரகசியச் சொல் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வாரமும் தானாக மாறிவிடும், எழுதி வைக்க வேண்டாம், மறக்காது. இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று இருவருக்கும் தோன்றியது. அவர்கள் இரண்டு பேருக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கவும் முடியும்.

சின்னவனுக்கு வேலை போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆலையை மூடிவிட்டார்கள். கடைசியில், தொலைவில் இருக்கும் குடிநீர் நிலையம் ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கட்டுப்பாட்டு அறையில் வேலை. அவனுக்குக் கைவந்த வேலை. முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, விடுதியின் பெயரையும் சொல்லி, "நாளைக்கு இதுவும் போச்சுன்னா அடுத்ததுக்கு என்னால முடியாதுக்கா" என்றான். போர்டு அக்கா, பெட்டியில் இருக்கும் நல்ல சட்டையைப் போட்டுக்கொள் என்றார்.

மறுநாள் காலை, பலகையில் விளக்கு எரிந்தது. எடுத்தார்.

"அக்கா, நான்தான்."

"சொல்லு."

"காலையில இடத்தைப் பார்த்துட்டு வர்றப்ப ஃபோனை பஸ்ஸுல விட்டுட்டேன். விடுதி ஃபோன்லேர்ந்து பேசறேன். உன் செல் நம்பர் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, ஆஸ்பத்திரி நம்பர்தான் தெரியும். இப்ப விடுதி கம்ப்யூட்டர்ல மெயிலைத் திறக்கறேன், நீ யாருன்னு கேக்குது. மாற்று நம்பரா உன்னோடதைத்தான் குடுத்து வெச்சிருந்தேன். உன் செல்லுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அதைப் படிச்சுச் சொல்லு. சீக்கிரம்."

கைப்பையில் இருந்த செல்ஃபோனை எடுத்துப் பார்த்தார். கோட் வந்திருந்தது. அதற்குக் கீழேயே, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது.

குரல் அவனுடையதுதான். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும், திருடர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவரே, பக்கத்து இருக்கையில் இன்னொரு பலகையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம். ஃபோன் தொலைந்துவிட்டது. வெளியூர். அவசரம். கோட் வந்திருக்கும், சொல்லு.

"இந்த வாரம் எழுந்தது யாரு?" என்று கேட்டார்.

"என்னது?"

"எழுந்தது யாரு?"

"அக்கா, நான் பார்க்கல. இன்டர்வியூவுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"பார்க்கலையா?"

"குத்துமதிப்பா சொல்லட்டுமா? கப்பல் டாக்டர்?"

"இல்ல."

பக்கத்து இருக்கைப் பெண் தன் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு சாய்ந்தாள். "தோட்டக்காரிதானேக்கா? நானும் பார்த்தேனே. எங்க வீட்டுல எல்லாருமே பார்ப்போம்."

போர்டு அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஊரே பார்க்கும் தொடரிலிருந்து எடுத்த ரகசியம். ஏமாற்ற வந்தவன் சரியான பதிலோடு வந்திருப்பான். தெரியாது என்று சொன்னவன்தான் தம்பியாக இருக்கலாம். அப்படி நினைக்க வைப்பதும் ஒரு தந்திரமாக இருக்கலாம். இந்த வழியில் போனால் எங்கும் நிற்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

"அக்கா, பன்னெண்டு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. உள்ள போறதுக்கான சீட்டு மெயில்லதான் இருக்கு. அது இல்லாம வாட்ச்மேன் விடமாட்டான்."

"ஃபோனை வை," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

தெரிந்த எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். இதையும் அவர்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவன் சொன்ன விடுதியின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தார். கிடைக்கவில்லை. இதற்குள் பக்கத்துப் பலகையில் விளக்கு எரிய, அந்தப் பெண் எடுத்தாள்.

"அக்கா, அவர்தான். திரும்பத் திரும்ப இங்கயே அடிக்கிறார்."

"அவன் வெச்சாதானே நான் கூப்பிட முடியும். கீழ வைக்கச் சொல்லு."

அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "வெச்சுட்டார். வைக்கறதுக்கு முன்னாடி சொன்னதை நான் திருப்பிச் சொல்லமாட்டேன்," என்றாள்.

இந்த முறை மணி அடித்தது. விடுதி வரவேற்பில் ஒருவர் எடுத்தார்.

"அங்க ஒருத்தர் ஃபோனுக்காக நிக்கிறாரா?"

"நிக்கிறார்மா. குடுக்கட்டுமா?"

கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "குடுக்காதீங்க. இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கார், பார்த்துச் சொல்லுங்களேன்."

"என்னம்மா கேள்வி இது?"

"தயவுசெஞ்சு."

"எங்க சுவத்துல மாட்டியிருக்கிற படத்தையெல்லாம் நேராக்கிக்கிட்டு இருக்கார். நாங்க யாரும் கேக்கல. கடிகாரத்தையும் இறக்கி மாட்டிட்டார்."

போர்டு அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். மனம் பதறினால் சின்னவன் சுவருக்குப் போய்விடுவான். கோணலாகத் தொங்கும் எதையும் அவன் கை விடாது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட நாட்காட்டியை நேராக்கினான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. தனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவனுக்கே தெரியாது. சொன்னாலும் ஒத்துக்கொள்ளமாட்டான். ஒருவன் தன்னை நிரூபிப்பதற்காகச் சொல்வதை இன்னொருவன் கற்றுக்கொள்ளலாம். யாரும் கேட்காதபோது அவன் செய்வதைத் திருட, அவனோடு வளர்ந்திருக்க வேண்டும்.

"குடுங்க," என்றார்.

முதல் கோட் இதற்குள் காலாவதியாகியிருந்தது. இன்னொன்று வந்தது. ஒவ்வோர் எண்ணாகப் பிரித்து, இரண்டு முறை படித்தார், ரத்தப் பிரிவைச் சொல்வதுபோல. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையிலிருந்து "ம்" வந்தது. முடிந்ததும் அவன் பட்டென்று வைத்துவிட்டான்.

லிஃப்ட்காரர் வந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் வாசலில் நின்று யோசித்தார்.

"அந்த ரிசப்ஷன்காரரும் கூட்டாளியா இருந்திருந்தா?"

"அந்த ஊர் விடுதில உக்காந்துக்கிட்டு, சுவத்துல படத்தைப் பத்திப் பொய் சொல்லுவானா?"

"சொன்னா?"

"சொன்னா ஏமாந்திருப்பேன்," என்றார் போர்டு அக்கா. "அதுக்கு மேல என்ன பண்றது."

பாதுகாப்பைப் பற்றி அவர் சொன்ன எல்லாக் கருத்துகளிலும் இது ஒன்றுதான் நிற்கும் என்று தோன்றுகிறது. முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம்புவேன் என்றால், அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நாள்கூட உட்கார முடியாது. சரிபார்க்க முடிந்தவரை சரிபார்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி வந்து போயிற்று. அவன் உள்ளே போனானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அறுவை அரங்கத்துக்கு ஒரு டாக்டரைத் தேடிக் கொடுத்தார். பிரசவ வார்டுக்கு ஓர் அப்பாவை இணைத்தார். இரண்டு முறை தவறான வார்டுக்கு இணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வழக்கமாக அவருக்கு நேராதது அது.

மாலையில் அவன் கூப்பிட்டான்.

"உள்ள போயிட்டேன். வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கிட்டு இருந்தான், பிரிண்ட் எடுத்த சீட்டை ஓடிப் போய்க் காட்டினேன்."

"என்ன கேட்டாங்க?"

"அதை அப்புறம் சொல்றேன். நீ என்கிட்ட ஃபோனை வைன்னு சொன்னே."

"ஆமா."

"என் குரல் உனக்குத் தெரியல."

"தெரிஞ்சுது. தெரிஞ்சது பத்தல."

"நல்லா இருக்கு. செருப்புக் கடைக்காரனுக்குக்கூட என் குரல் தெரியும்."

"செருப்புக் கடைக்காரன்கிட்ட உன் மெயில் சாவி இல்லையே. என்கிட்ட ஏன் குடுத்து வெச்சே?"

"மத்தவங்கன்னா கேட்டதும் குடுத்துடுவாங்கன்னுதான்," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. அதற்கு மேல் சண்டையை வளர்க்க அவனிடம் ஒன்றுமில்லை. கேள்விகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார்களாம். நன்றாகச் சொன்னேன் என்றான். ஆனால் அவர்கள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

சில வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. போர்டு அக்கா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தொடரைப் பற்றிக்கூட இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு முற்பகலில், அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அவன் குரல் வந்தது.

"அக்கா, எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதி சேரணும். கட்டுப்பாட்டு அறைதான், நான் கேட்ட..."

பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ்.

"லைன்ல இரு," என்றார்.

ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்லி, அவசரப் பிரிவை எழுப்பி, எலும்பு டாக்டரைப் பிடித்து இணைத்து முடிப்பதற்குள் வேறு மூன்று விளக்குகள் எரிந்துவிட்டன. அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தார். காத்திருப்பவர்களுக்கு அந்த மருத்துவமனை கேட்க வைக்கும் மெட்டு மிகச் சிறியது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைக் கேட்டு எரிச்சலாகி வைத்துவிடுபவர்களே அதிகம்.

அவர் திரும்பி வந்தபோது அவன் லைனில்தான் இருந்தான்.

"ம், இப்ப சொல்லு," என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."