சாய்ந்த சைடுகார்

கல்கத்தாவின் நல்ல தெருக்களில் ஓட்டுவதற்கென்று வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. இட்லி ஆசை யாரை விட்டது? ஊரிலிருந்து ரயிலில், கல்கத்தாவுக்கு வெளியே சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் வந்திறங்கிய ஆட்டுக்கல்லைச் சைடுகாரில் ஏற்றினேன். மனைவி என் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் குண்டும் குழியுமான மண் ரோடு. வீடு வந்து சேர்வதற்குள் ஸ்பிரிங் தொய்ந்து, சைடுகார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அதன்பிறகு அவள் அதில் ஏறும்போதெல்லாம் முணுமுணுப்புதான். "பாக்கறவா நான்தான் குண்டுன்னு நினைச்சுப்பா. ஸ்பிரிங்கை மாத்துங்கோளேன்!"

"ரோடு பண்ணின வேலைக்கு நான் என்ன பண்ண?" என்று எரிந்து விழுவேன். கல்லைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

அவள் காலமானபின், "புது ஸ்பிரிங் போடட்டுமா, தாதா?" என்று வங்காளி மெக்கானிக் அண்ணன் முறை வைத்துக் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். காலியாக இருக்கும்போதும் அவள் உட்கார்ந்திருப்பதுபோலவே சாய்ந்து நிற்கிறது வண்டி.