கையும் குரலும் மட்டும்

இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே சுஹறா வசனத்தைக் கேட்கிறார். புகைக்கு எட்டி நின்று றிப்னா தாளிலிருந்து வாசிக்கிறாள். மூன்றாவது வரி முடியுமுன் உரல் நின்றுவிடுகிறது.

"இந்தக் கதை எங்கட வாயில வராது மகள். 'என் கண்ணின் மணியே'யாம். எந்த உம்மா மகன அப்பிடிக் கூப்பிடுற?"

"அப்ப நீங்க என்னெண்டு கூப்பிடுவீங்க சாச்சி?"

"'டேய், திண்டியா' எண்டு கேப்பன். அதுக்குள்ள எல்லாக் கண்மணியும் இரிக்கி."

றிப்னா சிரித்துக்கொண்டே வரியை வெட்டுகிறாள். உரல் மறுபடி இறங்குகிறது.

சுஹறாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறார். விடியச் சுபஹ் தொழுத கையோடு அடுப்பு மூட்டி, இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு நானூறு இடியப்பம் அனுப்புவார். அது தொழில். ஏழு வருடங்களாக இன்னொரு வேலையும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் எடுத்து யூடியூப்பில் போடும் குறும்படங்களில் அவர்தான் உம்மா. எழுதி இயக்குகிறவள் றிப்னா, கணினி வகுப்பு நடத்துகிறவள். படம் பிடிப்பவர் காலிதீன், கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவர்.

முதல் படத்துக்கு உம்மா தேடி றிப்னா ஒன்பது வீடு ஏறி இறங்கினாளாம். சுஹறா மட்டும் ஓம் என்றார், ஒரு நிபந்தனையோடு. "முகத்த எடுக்கப்படா. முகம் தெரிஞ்சா நாளைக்கி கடைக்காரன் என்ட இடியப்பத்த எடுப்பானா? கைய எடுங்க, குரல எடுங்க, காணும்." அதனால் அந்தப் படங்களில் உம்மாவின் முதுகு வரும், ஈரக் கை வரும், வாசற்படியில் தயங்கும் கால் வரும். வெளியூர்க்காரர் ஒருவர் இதை ஆழமான கலை உத்தி என்று படத்தின் கீழே எழுதியிருந்தார். றிப்னா வாசித்துக் காட்டினாள். "உத்தியாமா? பயம் எண்டு திருத்தி எழுதச் சொல்லுங்க" என்றார் சுஹறா.

நடிப்பென்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அழச் சொன்னால் அழமாட்டார். "சோறு அடிப்பிடிக்கிற நேரத்துல ஆரு நிண்டு அழுற?" என்பார். முதற்படத்தில் மகன் கட்டாருக்குப் போகிறான். உம்மா பை அடுக்குகிறாள். றிப்னா எழுதியிருந்தது ஒரு பக்க அழுகை. சுஹறா செய்தது வேறு. மிளகாய்த்தூள் பைக்கு ஒரு முடிச்சுப் போட்டார், அதன்மேல் இன்னொரு பையைச் சுற்றி இன்னொரு முடிச்சு, பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருந்த காலிதீன் கெமராவை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். அவருடைய உம்மாவும் அப்படித்தான் கட்டி அனுப்பியிருந்தாராம்.

பிறகு ஊர் எப்படி எப்படி மாறியதோ, அதையெல்லாம் அந்தக் கைகள் செய்து காட்டின. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இராணுவம் வீடு வீடாகச் சோதனைக்கு வந்த வருடத்துக் கதையில், ஹஜ் பெருநாளைக்கு இறைச்சி வெட்டும் பெரிய கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் உம்மா அதை வீடு முழுக்கத் தூக்கித் திரிகிறாள். அரிசிப் பானைக்குள் வைத்து, எடுத்து, தலையணைக்குக் கீழ் வைத்து, அதையும் எடுத்து. அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. "நான் செஞ்சதத்தானே செய்யச் சொல்ற" என்றார். காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்துப் படத்தில் விறகடுப்பை ஊதப் பழகும் உம்மாவாக நடிக்கச் சொன்னபோதுதான் திணறிப்போனார். பிறந்ததிலிருந்து விறகில் சமைப்பவருக்கு ஊதத் தெரியாததுபோல் ஊத வரவில்லை. ஐந்து தரம் எடுத்தார்கள். ஐந்து தரமும் நெருப்பு ஒரே ஊதலில் பிடித்துவிட்டது.

போன வருடம் எடுத்தது வீட்டுக் கதை. இந்தக் கரையில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். காவின் எழுதி நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவான். பெண்ணின் உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்துக்கு ஒதுங்குவார்கள். சுஹறாவே அப்படி ஒதுங்கியவர்தான். முன்வீடு மூத்த மகள் ஸுல்பிகாவுக்குப் போய்விட்டது. சுஹறாவும் இளையவள் அம்ஹாவும் பின்னாலுள்ள அறையிலும் குசினியிலும் இருக்கிறார்கள். அம்ஹாவுக்கென்று கணவர் தொடங்கிய வீடு பக்கத்து வளவில் கழுத்து மட்டச் சுவரோடு நிற்கிறது. கணவர் மௌத்தாகி, கட்ட ஆளில்லாமல் நாலு வருடம். சுவருக்குள் பப்பாசி முளைத்துக் காய்க்கிறது.

றிப்னா எழுதிய முடிவின்படி, உம்மா அழுதுகொண்டே வீட்டு உறுதிப் பத்திரத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் நீட்ட வேண்டும். உறுதிக்குப் பதிலாக மின்சாரப் பட்டியல் வந்த பழைய கடிதவுறை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதிலாகக் கெமராவுக்குப் பின்னாலிருந்து காலிதீனின் குரல். சுஹறாவின் கை உறையோடு நீண்டது, பாதியில் நின்றது, திரும்பி மடிக்கு வந்தது.

"வீடு இல்ல. புள்ள இரிக்கி. புள்ள வேணுமெண்டா இருந்து கதைங்க. வீடு வேணுமெண்டா எழும்புங்க."

தாளில் அப்படி எதுவும் இல்லை. காலிதீன் நிறுத்தாமல் எடுத்தார். றிப்னா அதையே முடிவாக வைத்துவிட்டாள்.

மூன்று நாளில் ஊரே பார்த்தது. ஒரு ஜும்ஆ குத்பாப் பிரசங்கத்தில்கூடப் பேச்சு வந்ததாகச் சொன்னார்கள். குரலிலேயே ஆளைப் பிடித்துவிட்ட சைக்கிள் மீன்காரர் வாசலில் நின்று, "சூரை இல்ல ராத்தா. சாளை இரிக்கி. சாளை வேணுமெண்டா கதைங்க" என்றார். சுஹறா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். ஆனால் ஒழுங்கையில் சீமெந்து ஏற்றிய உழவு இயந்திரங்கள் வருவது குறையவில்லை. படத்தைப் பார்த்துத் தலையாட்டிய இரண்டு வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு மேல்மாடி எழும்பியது. அதையும் சுஹறா கவனித்தார்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து அம்ஹாவைப் பார்க்க வந்தார்கள். அம்ஹாவுக்கு இருபத்தேழு வயது, முன்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை ஸப்ரி, சம்மாந்துறைக்காரர், அக்கரைப்பற்றில் ஒரு கந்தோரில் வேலை. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களுக்கும் அம்ஹா தலைவலி என்று படுத்துவிட்டாள். இந்தத் தரம் தானாக எழும்பித் திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்து, மினுக்கி, மாட்டினாள். சுஹறா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு விளங்கியது.

வந்தவர்கள் மாப்பிள்ளையின் தாயும் தங்கையும். அவர்களை ஸுல்பிகாவின் முன்வீட்டில் இருத்தினார்கள். அம்ஹா தட்டத்தோடு வந்தாள், தேத்தண்ணி வைத்தாள், உள்ளே போய்விட்டாள். கலியாணக் கதை பேசும்போது பெண் அங்கே இருப்பது வழக்கமில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம் புள்ள" என்றார் மாப்பிள்ளையின் தாய். நல்ல மனுஷி, குரலில் கனிவு இருந்தது. "நகை வேணாம். காசு வேணாம். அந்த வீட்டக் கட்டி முடிச்சுத் தந்தாச் சரி."

"வீடு நீங்க பாத்ததுதானே. சுவர் மட்டும்தான் நிக்கிது" என்றார் சுஹறா.

தங்கை தலையை நிமிர்த்தினாள். "உம்மா, இந்தக் குரல்..." சுஹறாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களா அந்தப் படத்துல வாற உம்மா?"

தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு சுஹறாவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "அல்லாஹ்வே, இந்தக் கைதான். எங்கட குடும்பக் குறூப்புல எல்லாருக்கும் அத அனுப்பினது நான்தான். கண்ணால தண்ணி வந்திட்டு எனக்கு. நல்லாக் கேட்டீங்க புள்ள."

"அத அனுப்பிட்டு மறுகா வீட்டக் கேக்கிறீங்களே" என்றார் சுஹறா.

"அது படம்தானே." அந்த மனுஷி கேலி செய்யவில்லை, உண்மையாகவே சொன்னார். "படத்துல அதச் சொல்லத்தான் வேணும். எனக்கும் இன்னும் ரெண்டு குமர் இரிக்கி. நான் வாங்காம உட்டா, அவளுகளுக்கு வாற மாப்புள்ளமார் கேக்காம உடுவாங்களா?"

தங்கை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுஹறாவின் வாயில் அந்த வசனம் தயாராக இருந்தது. ஒரு தரம் சொன்னதுதான், தடக்காமல் வரும். ஆனால் படம் எடுத்த அன்று எழும்பிப் போக யாரும் இருக்கவில்லை. காலிதீன் சிரித்துக்கொண்டு பட்டரியை மாற்றினார், எல்லோரும் இடியப்பம் தின்றார்கள். இன்று எழும்புங்க என்றால் எழும்பிவிடுவார்கள். வாசலில் செருப்பை மாட்டி, ஒழுங்கை முடக்கால் திரும்பி, சம்மாந்துறைக்கு ஓட்டோ பிடிப்பார்கள். ஊர் அவரை மெச்சும். மீன்காரரும் மெச்சுவார். மினுக்கிய திரைச்சீலைகளோடு அம்ஹா இந்த வீட்டில் இருப்பாள். சொல்லாவிட்டால், சுவருக்குள் நிற்கும் பப்பாசியை வெட்டிவிட்டுக் கடனோடு கூரை ஏற்ற வேண்டும்.

அவர் அறைவாசலைப் பார்த்தார். திரைச்சீலையின் அடியில் அம்ஹாவின் கால்விரல்கள் தெரிந்தன. நுனியில் ஊன்றி, அசையாமல் நின்றன.

அந்தப் படத்தில் மகளுக்கு ஒரு சொல்லும் இல்லை என்பது சுஹறாவுக்கு அப்போதுதான் உறைத்தது. றிப்னாவும் எழுதவில்லை. தாளில் அவ்வளவை வெட்டி மாற்றியவர், தானும் கேட்கவில்லை. கொடுப்பதும் உம்மா, கொடுக்க மறுப்பதும் உம்மா.

"என்ன புள்ள, கதையக் காணல்ல?" என்றார் மாப்பிள்ளையின் தாய். "ஓமா, இல்லையா?"

"அதுக்கு மறுமொழி சொல்ற ஆள் நானில்ல" என்றார் சுஹறா.

எழும்பி, சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றை உருவி எடுத்தார். முந்தானையால் துடைத்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு நேர் எதிரே, முழங்காலுக்கு முழங்கால் என்ற தூரத்தில் போட்டார். பிறகு அறைவாசலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, மகள் வெளியே வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.