முதுகு காட்டிய நாற்காலி

காது மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் சரிக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சனிக்கிழமை எனக்குப் பதிலாக வருகிறாயா என்றால் சரி. இந்த டப்பாவையும் கழுவி வைத்துவிடேன் என்றால் அதற்கும் சரி. இப்படி ஒரு ஆள் வாய்த்தால் யார்தான் விடுவார்கள்? விடவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எதிரில் நிற்பவரின் முகம் கொஞ்சம் வாடினால் போதும், இவளுக்கு மனம் பொறுக்காது. யாராவது கதவை வேகமாகச் சாத்தினால், கோபம் நம்மேல்தானோ என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வாள். தொட்டாற்சுருங்கி என்று சின்ன வயதிலேயே அண்ணன் கேலி செய்வான். கேலி செய்துவிட்டு வேலையும் வாங்கிக்கொள்வான்.

வாடகை வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, உள்ளே ஓர் அறை. வேலை முடிந்து வந்ததும் அந்த அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்குப் போடாமல் படுத்துக் கிடப்பாள். நாள் முழுக்க மனதில் ஏற்றிக்கொண்ட முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். அப்படிக் கிடந்தால்தான் மறுநாள் மனிதர்களைப் பார்க்கத் தெம்பு வரும்.

அந்த அறையைத்தான் அண்ணன் கேட்டிருந்தான். அவன் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வருகிறார்கள்.

"நீ ஒண்டிக்கட்டைதானே, கூடத்துல படுத்துக்கோ. ரெண்டு வருஷம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். வீடும் கலகலன்னு இருக்கும்" என்றான். அவன் மூச்சு வாங்குவதற்குள் இவள் சரி என்றுவிட்டாள். கட்டில் கொள்ளுமா என்று அளந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் பேருந்து ஓட்டுநர் ஒருவர் காது சோதனைக்கு வந்தார். சத்தம் புகாத சின்ன அறைக்குள், கண்ணாடிச் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். சன்னலுக்கு வெளியே கருவியின் முன் இவள். இவள் அனுப்பும் சத்தம் கேட்டால் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தேறினால்தான் வண்டியைத் தொட முடியும்.

"பாத்துப் பண்ணும்மா. வண்டிய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார். இவளுக்குப் பாவமாக இருந்தது.

சோதனையில் அவர் அருமையாகத் தேறினார். ஆனால் டாக்டரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டபோது மனிதர் திரும்பவே இல்லை. டாக்டரம்மா இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோதனையை மறுபடி செய்யச் சொன்னார். அவர் பார்த்தது ஓட்டுநரை அல்ல, இவளை.

"நீ சத்தம் அனுப்பறப்பல்லாம் புருவத்தத் தூக்கற. அவரு காதால கேக்கல, உன் மூஞ்சியப் பாத்து அழுத்தறாரு."

"நான் வேணும்னு பண்ணல டாக்டர்."

"தெரியும். ஆனா பின்னாடி வர்ற ஹாரன் கேக்காம அவர் வண்டியத் திருப்பினா, அதுல இருக்கறவங்கள்லாம் என்ன ஆவாங்க?"

அவள் உள்ளே போய், நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டாள். இந்த முறை பொத்தான் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. காதுக்கருவி வைத்துப் பழகிவிட்டு மறுபடி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. ஓட்டுநர் தலையாட்டினார்; போகும்போது இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. பாவம் பார்க்கிறேன் என்று இதுவரை எத்தனை பேரைத் தவறாக அனுப்பி வைத்தேனோ என்று உதறலெடுத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. அவளும் இத்தனை வருஷமாக எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். தனக்குள் என்ன கேட்கிறது என்று காதுகொடுத்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அளவு டேப்போடு வந்தான். அவள் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் வந்து நின்றதும், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணா, அந்த ரூம என்னால தர முடியாது."

"வெளையாடாத. சரின்னு சொன்னியே?"

"சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன், தப்பு என்னுதுதான். வேற வீடு கெடைக்கற வரைக்கும் ஒரு வாரம் அவங்க இங்க இருக்கட்டும், வீடு தேட நானும் வர்றேன். ஆனா ரூம விட்டுக் குடுத்தா நான் முழுசா இருக்க மாட்டேண்ணா."

"என் பொண்ணு உனக்கு யாரோவா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"திரும்பினா சரின்னு சொல்லிடுவேன்."

அவள் முதுகுக்குப் பின்னால் டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது. அப்புறம் வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அடுப்பு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தேநீர் பொங்கி வழிந்தது.

அதன் பிறகு அண்ணன் கூப்பிடவில்லை. மகள் வேறு தெருவில் வீடு பார்த்துக் குடிவந்ததைக்கூட அடுத்த வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மருத்துவமனையில் சனிக்கிழமைகளை மறுக்கத் தொடங்கியதும் சாப்பாட்டு மேசையில் பேச்சு குறைந்தது. அறை அவளுக்கே மிஞ்சியது. இருட்டில் படுத்தால் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பேசி ஓய்வதே இல்லை என்று அலுத்துக்கொண்டவளுக்கு இப்போது அது ஒலிக்கவே இல்லை. சரி, இப்போதும் அந்த அறைக்கே வந்துவிடட்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பல நாள் அவன் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

ஒரு சாயங்காலம் கைப்பேசி அடித்தது. அண்ணன் மகள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? சாப்ட்டாச்சா?"

"ஆச்சும்மா." அவள் எழுந்து உட்கார்ந்து, வரப்போகும் கேள்விக்குத் தயாரானாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாளோ? முடியாது என்பதை நோகாமல் எப்படிச் சொல்வது? கேள்வி வரவில்லை.

"என்ன வேணும்மா, சொல்லு" என்று அவளே கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம் அத்தை. சும்மாதான் கூப்ட்டேன்."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பேச வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்றும் வேண்டாம் என்பவர்களிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.