அண்ணியின் இலை

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய குடும்பக் காமெடித் தொடரை மறுபடி எடுக்கப்போகிறோம் என்று போன் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே தயாரிப்பாளர் அதில் மண்ணைப் போட்டார்.

"காமெடியா வேணாம் சார், சீரியஸா பண்ணலாம். அந்த அண்ணி கேரக்டர் இருக்குல்ல? சிரிப்புச் சத்தத்த எடுத்துட்டுப் பாருங்க, அழுகைதான் வருது."

அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. நான் எழுதியதை எனக்கே விளக்குகிறார்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆறு வருடமாக என்னை யாரும் எழுதக் கூப்பிடவில்லை. "பிரமாதமான யோசனை தம்பி" என்றேன்.

தொடரில் வந்த அந்த அண்ணி என் சொந்த அண்ணிதான். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வாழ வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் தனக்கு இலை போட்டுக்கொண்டு உட்காருவார். முதல் கவளத்தைக் கையில் எடுப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவோம். அப்பாவுக்கு வெற்றிலைப் பெட்டி, அண்ணனுக்கு வயலுக்குப் போட்டுப்போகும் சட்டை, எனக்கு ஜியோமெட்ரி பாக்ஸ். அண்ணி கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து வருவார்.

இதைத்தான் வாராவாரம் தொடரில் வைத்தேன். கவளம் வாய்க்குக் கிட்டே போகும். "அண்ணீ!" என்று குரல் வரும். பதிவு செய்துவைத்த சிரிப்புச் சத்தம் கொல்லென்று கிளம்பும். அந்தச் சிரிப்பை எந்த நொடியில் போடவேண்டும் என்று எடிட்டரோடு மல்லுக்கு நின்றவன் நான்.

ஊரே சிரித்தது. அண்ணியும் கையில் கரண்டியோடு அடுக்களை வாசற்படியில் நின்று டி.வி.யைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவர்தான் அந்த அண்ணி என்று ஒரு வாரப் பத்திரிகை அவர் படத்தைப் போட்டதிலிருந்து பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் கேலிதான். "என்ன அண்ணி, இன்னைக்காவது சாப்டீங்களா?"

அதனால்தான் தயாரிப்பாளர் ஒரு கொக்கி போட்டார். "கேரக்டர் அவங்கதான்னு எல்லாருக்கும் தெரியும் சார். சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அவங்க மாட்டேன்னுட்டா இது நடக்காது."

முதல் பகுதியை ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். அதே வீடு, அதே இலை, அதே குரல். இந்தத் தடவை சிரிப்பு கிடையாது. அண்ணி கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுகிறார். எழுதும்போது நானே அழுதேன். அத்தனை வருடம் சிரித்ததற்குப் பிராயச்சித்தம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

காகிதங்களை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். குறுவை அறுவடை. மிஷின் வந்திருந்ததால் அண்ணன் வயலில் நின்றார். அண்ணி எனக்கு இலை போட்டு, கூட்டு, பொரியல், அப்பளம் என்று பக்கத்தில் நின்று பரிமாறினார். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவியதும் கூடத்தில் அவரை உட்காரவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவே கூடாத இரண்டு இடங்களில் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. குழாயடிக் காட்சியில் மட்டும் அவர் கை நின்றது.

"இது யாரு தம்பி?"

"நீங்கதான் அண்ணி."

"நான் எப்ப கொல்லையில போயி அழுதேன்?"

"அழலையா?"

"எதுக்கு அழுவணும்? பசி. அவ்வளவுதான். பசிக்கு அழ நான் என்ன கைக்கொழந்தையா?" முறத்தைத் தள்ளி வைத்தார். "நாலு பேரு ஐயோ பாவம்னு பாக்குறதுக்கா இத்தன வருஷம் நிமிந்து நடந்தேன்? அழுதாள்னு எழுதாதீங்க. பசியோட இருந்தாள்னு எழுதுங்க. அது நெசம். இந்த அழுகைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஒரு வாரத்து உழைப்பு போச்சு. என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப காமெடின்னா மட்டும் சரியா? அன்னைக்கு நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"சிரிச்சேன். நல்லாத்தானே எழுதியிருந்தீங்க! அதப் பாத்துட்டுத்தான் உங்க அண்ணன் அவரு சட்டைய அவரே எடுத்துப் போட ஆரம்பிச்சாரு. அப்பறம், பஸ்ல கண்டக்டர் சாப்டீங்களான்னு கேப்பாரு, பூக்காரம்மா கேக்கும். கேலிதான். ஆனா கேட்டாங்கள்ல? ஊரே கேட்டுச்சு." மொச்சைத் தோலைக் கூட்டி ஒதுக்கினார். "எழுதுன நீங்க ஒரு தடவகூட கேக்கலியே தம்பி."

குறையாகச் சொல்லவில்லை. கத்திரிக்காய் என்ன விலை என்பதுபோலத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவரில் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது.

"அண்ணி... நீங்க சாப்டீங்களா?"

"எங்கேருந்து? கதை படிக்கிறேன்னு உக்கார வச்சிட்டீங்களே!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அட மடையா, என்று என்னையே திட்டிக்கொண்டு கொல்லையில் போய் ஒரு இலை நறுக்கிவந்தேன். மறுக்க மறுக்க அண்ணியை உட்காரவைத்து நான் பரிமாறினேன். கூட்டு வைக்குமுன் சோற்றைக் கொட்டினேன். "உங்களுக்கு யாரு பொண்ணு குடுத்தா?" என்றார். முதல் கவளத்தை எடுத்தார். வாசலிலிருந்து அண்ணன் குரல், "ஏம்மா, மிஷின்காரருக்குக் குடிக்கத் தண்ணி வேணுமாம்!"

அண்ணியின் முழங்கால் தானாக எழுந்தது.

"உக்காருங்க!" என்று கத்திவிட்டேன். சொம்பை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

திரும்பி வந்து ரசம் ஊற்றினேன். எங்கள் பக்கம் போதும் என்றால் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டுவார்கள். அந்தக் கைக்காகப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். கை வரவில்லை. ரசம் சோற்றை உடைத்துக்கொண்டு இலை ஓரத்தைத் தாண்டித் தரையில் ஓடியது.

"போதும்னு சொல்லக் கூடாதா அண்ணி?"

"சொல்லணும்ல?" என்று அவரே திகைத்தார். "இந்த வீட்டுல எனக்கு யாரு தம்பி ஊத்தியிருக்கா, போதும்னு சொல்லிப் பழக?"

சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையான அழுகை.

"அந்தக் கொழாயடிய எடுத்துட்டு இத வைங்க. கையெழுத்துப் போடுறேன்" என்றவர், தரையைத் துடைக்கத் துணி எடுக்க எழப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்து அமர்த்திவிட்டுத் துணியை எடுத்தேன். நான் துடைத்து முடிக்கும்வரை அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.