தட்டணு குறைந்தும் உறைந்த இரத்தம்

இராஜபாளையம் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றிருந்தபோதுதான், என் கணவருக்குப் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) பாதிக்கும் கீழே போய்விட்டதாகச் சொன்னார்கள். நிமோனியா என்று சேர்த்திருந்தோம். நுரையீரல் தேறுகிறது என்று முந்தின நாள் கேட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் டெங்கு. பிளேட்லெட் குறைந்தால் இரத்தம் கசியும், உடனே ஏற்ற வேண்டும். வத்திராயிருப்பிலிருக்கும் கொழுந்தன் முருகனுக்குப் போன் செய்தேன். அவர் தன்னோடு பட்டாளத்தில் இருந்த இருவரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூட்டிவந்தார்.

“எம்புட்டு வேணும்னாலும் குடுக்கோம் மதினி. டாக்டர்ட்ட சொல்லுங்க.”

மருத்துவர் வேண்டாம் என்றார். “இப்ப ஏத்தக் கூடாதும்மா. அவர் காலைப் பாருங்க.”

இடது கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது. உள்ளே இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு ஹெபாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) போடுவார்களாம். அபூர்வமாகச் சிலருடைய உடம்பு அந்த மருந்தையே எதிர்க்கும். அப்போது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரத்தத்தை உறையவைத்துத் தீர்ந்துபோகுமாம்; புதிதாக ஏற்றினால் அவையும் அப்படியே ஒட்டுமாம்.

“குறைஞ்சா ரத்தம் வடியத்தான செய்யும்? எப்படி சார் கட்டும்?”

அவர் மறுபடி விளக்கினார். புரிந்தது. நாற்காலிக்குத் திரும்புவதற்குள் மறுபடி குழம்பிவிட்டது.

“ஊசி போட்டதே நீங்கதான?” என்று முருகன் குரலை உயர்த்தினார்.

“ஆமா. போடாம விட்டிருந்தாலும் கட்டியிருக்கலாம். நிறுத்திட்டு வேற மருந்து குடுக்கோம். கால்ல இருக்க ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாம இருக்கணும்.”

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இரத்தம் கொடுக்க வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.

எண்ணிக்கை மெல்ல ஏறியது. வீக்கம் வற்றியது. மூச்சுவிடத் தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்த பிறகு அவர் கரகரத்த குரலில் கேட்டார்: “தேங்கா வெட்ட ஆள் வந்தாச்சா?” மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் கேட்ட அதே கேள்வி. நடுவில் போன நாட்கள் அவருக்கு இல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைக் கேட்டு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிவிட்டது. பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன்.

“சின்னக் கீறல்தாம்ட்டி, எதுக்கு இப்படிப் பாக்க?”

இரத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. நின்றதும், உடனே குனிந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தேன்.