பம்பார்ட்மென்ட் என்றால் என்ன, டீச்சர்?

1. ஒரு சொல்

ஏ.ஆர்.பி. ஆபீசில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் எழுதுவது.

1942. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. தூத்துக்குடியில் வசதி உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கே சொந்த ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த மிஷன் பெண்கள் பள்ளியில் பாதி பெஞ்சு காலி. ஆகாயத்திலிருந்து தாக்குதல் வந்தால் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பழக்குவதற்குச் சர்க்கார் வைத்த இலாகாதான் ஏ.ஆர்.பி. கடற்கரைத் தெருப் பெண்களுக்கு வகுப்பு எடுக்க ஒரு டீச்சர் தேவை என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன்.

தேசபக்தி, சேவை என்றெல்லாம் சொல்லமாட்டேன். பள்ளிவிட்டதும் ஆளில்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் கணவர் ஞானராஜுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் குறிப்பவர். கல்யாணம் முடிந்த கையோடு, வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்று போனார். வீடு கிடைத்தது. அதற்குள் ஜப்பான்காரன் யுத்தத்தில் இறங்கிவிட்டான். பக்கத்து நாசரேத் ஊர்க்காரியான நான் தூத்துக்குடியில் தனியாக இருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக இருந்தார்.

எங்கள் ஹெட் வார்டன் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ‘பம்பார்ட்மென்ட்’ என்ற சொல்லைக் காட்டி, “குண்டு வீச்சுன்னு போடுங்கம்மா, போதும்” என்றார். பயிற்சி கொடுக்க வந்திருந்த ஹவில்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சேலத்துக்காரர், வட ஆப்பிரிக்காவில் காயம்பட்டுத் திரும்பியவர். இடது கை மடங்காது.

“அது பத்தாதுங்க. ஒரு குண்டு போட்டுட்டுப் போறது பம்பார்ட்மென்ட் இல்லைங்க. ஒரு எடத்தைக் குறி வெச்சு, அந்த எடம் ஒண்ணுத்துக்கும் ஒதவாம போற வரைக்கும் விடாம அடிக்கறது. கப்பல்ல இருந்து பீரங்கியில அடிப்பான், ஏரோப்பிளேன்ல இருந்து போடுவான், தரையில தூரத்துல நின்னும் அடிப்பான். எங்களையெல்லாம் ராத்திரி பூரா அடிச்சான். காலையில அவனோட ஆளுங்க முன்னேறி வர்றப்ப நாங்க தலையைத் தூக்கக் கூடாது, அதுக்குத்தான். ஊருக்கு வந்தா கோட்டை, ரயில் லைன், எண்ணெய் டாங்க், துறைமுகம். இதுங்கதான் குறி.”

துறைமுகம் என்று அவர் சொன்னபோது என் பென்சில் நின்றுவிட்டது. கடைசியில் ‘தொடர் குண்டுத் தாக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட் வார்டன் வாசித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா எதைக் குறி வெப்பான்ங்கிறதை மட்டும் வகுப்புல சொல்லிராதிங்க. தொறமுகத்துக் கூலியாளு ஒருத்தன்கூட நிக்கமாட்டான்.”

2. தெருவில் வகுப்பு

மாதா கோயிலை ஒட்டிய ஓலைக்கொட்டகையில் வகுப்பு. மீன்கூடையை வெளியே வைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். அவர்களில் பிலோமினா என்று ஒருத்தி. எதையும் கேட்காமல் விடமாட்டாள். அவள் புருஷன் சவேரி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் ஆள்.

“டீச்சர், எங்க மாமா முத்துக் குளிச்சவரு. குண்டு விழும்போது தண்ணிக்குள்ள முங்கிட்டா ஒண்ணும் செய்யாதுங்காரு. நெசமா?”

எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த ஹவில்தாரைப் பார்த்தேன்.

“கடல்ல வெடித் தோட்டா போட்டு மீன் புடிக்கறதைப் பாத்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டார்.

“பாத்திருக்கோம். அத்தனையும் வயித்தைக் காட்டிட்டு மெதக்கும்.”

“அதேதாங்க. வெடிச்சது தூரத்துலதான், ஆனா தண்ணி அந்த அடியைக் கொண்டுக்கிட்டு வருது. தண்ணிக்குள்ள இருக்காதீங்க. கரையேறிடுங்க.”

எங்களுடைய படங்களும் விளக்கங்களும் ஏறாத இடத்தில் இது ஏறிவிட்டது. பிலோமினா எழுந்து நின்றாள்.

“அப்போ கொழும்புல அவன் எதை டீச்சர் குறி வெப்பான்?”

சொல்லக்கூடாது என்ற உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. எதிரே இருந்த முகங்களும் தெரிந்தன. பெரும்பாலான வீட்டு ஆண்கள் தோணியிலோ கொழும்பில் கப்பல் அணையும் ஜெட்டியிலோ நின்றார்கள்.

“தொறமுகத்தைத்தான்” என்றேன். “என் வீட்டுக்காரரும் அங்கதான் நிக்காவ.”

யாரும் அழவில்லை. பிலோமினா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், “ஏளா, டீச்சருக்கும் நம்ம கதைதான்” என்றாள்.

மறுநாள் ஹெட் வார்டன் என்னைக் கூப்பிட்டார். “ஒங்ககிட்ட என்ன சொன்னேன்? ஊரே மூட்டை கட்டிட்டா யாரு பதில் சொல்லுதது?”

“பிலோமினா எந்திச்சு நின்னு கேட்டுட்டா சார். மழுப்பினா, நாளைக்கு நான் மண்மூட்டைக்குப் பின்னால படுங்கன்னு சொல்லும்போது நம்புவாவளா? வேண்டாம்னா சொல்லுங்க, நான் நின்னுக்கிடுதேன்.”

அவர் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாக ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அடுத்த வகுப்புக்குக் கூட்டம் வருதான்னு பாப்போம்” என்றார். அடுத்த வகுப்பில் கொட்டகை கொள்ளவில்லை.

3. ஈஸ்டர்

கொழும்பில் குண்டு விழுந்தது ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள், ரேடியோ வைத்திருந்த கடை வாசலில் கூடிவிட்டார்கள். துறைமுகம் தாக்கப்பட்டது என்ற ஒரு வரிக்கு மேல் செய்தி இல்லை. தந்தி ஆபீசில், பட்டாளத் தந்திக்கே லைன் போதவில்லை என்றார்கள்.

மற்றவர்களுக்கு அது ஒரு வரி. எனக்கோ, ஹவில்தாரிடம் பாடம் கேட்டிருந்ததால், கிரேன், சரக்கு வைக்கும் கிட்டங்கி, எண்ணெய் டாங்க் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தது. அதற்கு நடுவில் சரக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவர். அவருடைய முழு உருவம்கூட வரவில்லை. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கையும், காதில் செருகிய பென்சிலும்தான் வந்தன. அவரோடு குடும்பம் நடத்திய நாட்கள் அவ்வளவு கொஞ்சம். முகத்தைக் கொண்டுவரப் பாடுபட வேண்டியிருந்தது. பயத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது.

தினமும் பள்ளிவிட்டு ஜெட்டிக்குப் போவேன். பிலோமினா எனக்கு முன்பே அங்கே நிற்பாள். தூரத்தில் பாய் தெரிந்தால், யாருடைய தோணி என்று எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். “இது இல்ல டீச்சர்” என்பாள். நானும் தலையை ஆட்டுவேன்.

சவேரியின் தோணி ஒரு மத்தியானம் வந்தது. அவன் இறங்கியதும் பிலோமினா அவன் தோளிலும் முதுகிலும் தட்டித் தட்டிப் பார்த்தாள். எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தேடினாளா, ஆள் நிஜம்தானா என்று பார்த்தாளா, தெரியாது. பிறகு அவனை என் பக்கம் திருப்பினாள்.

“ஏய், டீச்சர் வீட்டுக்காரரப் பாத்தியா? ஞானராஜ் கிளார்க்கு.”

“பாத்தேன். குண்டு போட்டு முடிஞ்ச பொறவு கிட்டங்கி வாசல்ல நின்னாவ. ஒண்ணும் ஆகல. ஆனா டீச்சர், மறுநாளு தொறமுகத்துல ஆளே இல்ல. கூலிக்காரன், கிளார்க்கு, எல்லாரும் நடந்தே ஊரைவிட்டுப் போறாவ. அந்தக் கூட்டத்துல அவியளும் போனாவன்னு சொன்னாவ. எங்க போனாவன்னு தெரியல.”

உயிரோடு இருக்கிறார், எங்கே என்று தெரியாது. அந்தச் செய்தியோடு நான் வீட்டுக்குப் போனேன். அந்த வெயில் காலம் முழுக்க, தெருவில் ஆண் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

4. வந்தவர்

அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி, நோய்த்தடுப்புக்கு ஆட்களை நிறுத்திவைக்கும் மண்டபம் முகாமில் காய்ச்சலோடு கிடந்து, மழை தொடங்குவதற்கு முன் ரயிலில் வந்து சேர்ந்தார். பாதி ஆளாக வந்தார். கஞ்சி கொடுத்தேன், தூங்கினார். மறுபடி கஞ்சி, மறுபடி தூக்கம். எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், போகவேண்டும் என்றார்.

“எங்க?”

“கொழும்புக்கு. கப்பல் வரிசையா நிக்கி. சரக்கு எறக்க ஆளில்ல.”

“குண்டு போட்ட எடத்துக்கா?”

“ஏளா கிரேசு, குண்டு விழுந்தது கொஞ்ச நேரம். அதுல தொறமுகத்து வேல நிக்கல. நாங்க ஓடினதுலதான் நின்னுச்சு. அவன் நெனச்சதை நாங்கல்லா செஞ்சு குடுத்திட்டோம்.”

ஹவில்தார் சொன்ன விளக்கத்தில் விட்டுப்போன பகுதி இது. ஓர் இடத்தை உதவாமல் செய்வதற்குச் சுவர் இடிய வேண்டியதில்லை. அங்கே வேலை செய்கிறவன் திரும்பி வராமல் இருந்தால் போதும். எனக்குப் புரிந்தது. புரிந்ததால் அவரைத் தடுக்க வாய் வரவில்லை. தடுத்திருக்கலாமே என்று இப்போதும் சில நாள் தோன்றுவதுண்டு.

ஸ்டேஷனில் ரயில் புறப்படும் நேரம். போகாதிங்க என்று சொல்ல வாயெடுத்தேன்; வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது. “சத்தம் கேட்டா ஓடாதிங்க. குப்புறப் படுங்க. வாயைத் தெறந்து வெச்சுக்கிடுங்க, இல்லன்னா காது போயிரும்.”

அவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். “டீச்சர் சொன்னா கேக்கணும்லா” என்றார்.

யுத்தம் முடியும் வரை அவர் அங்கே, நான் இங்கே. இடையில் லீவு கிடைத்து வருவார். அவருக்கு வீடு பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். தூத்துக்குடியில் குண்டு விழவே இல்லை. விழாத குண்டுக்காக வகுப்பு எடுத்துக்கொண்டே இருந்தேன். யுத்தம் முடிந்த பிறகு அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தோம். ஆனாலும் கொழும்பில் இருந்த அந்தச் சில வருஷங்களின் ஞானராஜ் எப்படி நடப்பார், எதற்குச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரை எனக்குக் காணக் கிடைக்கவே இல்லை. கூடவே அவர் இருந்த காலத்திலும் அந்த ஆளைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

இப்போது புயல், தீ என்று ஜனங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். படம் காட்டுங்கள், உரக்கப் பேசுங்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருத்தியின் ஆள், நீங்கள் ஆபத்து என்று சொல்லும் இடத்தில் அந்த நேரம் நின்றுகொண்டிருப்பான். அவள் எழுந்து கேட்பாள். புத்தகத்தை மூடிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.